என்ஜின் உறுப்புகளையும் டார்க் கன்வெர்ட்டரையும் இணக்கமாகத் தேர்ந்தெடுத்தல்

அன்றாடம் சாலையில் ஓடவும், வேண்டியபோது விரைந்து பாயவும் ஏற்றவாறு மாற்றியமைக்கப்படும் கார்களில், உறுப்புகள் ஒவ்வொன்றும் உயர்ந்த தரத்தில் இருந்தும் வண்டி மந்தமாகவே ஓடுவது அடிக்கடி காணப்படும் குறையாகும். பெரும்பாலும் இக்குறை உறுப்புகளின் தரத்தால் வருவதில்லை. கேம் ஷாஃப்ட் ஒரு சுழற்சி வேகத்துக்கும், கார்புரேட்டர் இன்னொரு வேகத்துக்கும், பின் அச்சின் கியர் வேறொரு வேகத்துக்கும் உரியவையாக இருப்பதால்தான் வருகிறது. எந்த உறுப்பையும் அது தரும் குதிரைத்திறனைக் கொண்டு மட்டும் மதிப்பிடாமல், நிமிடத்துக்கு எத்தனை சுற்றிலிருந்து எத்தனை சுற்று வரை அது சிறப்பாக வேலை செய்கிறது என்பதைக் கொண்டு மதிப்பிட வேண்டும் என்பதே இவ்வத்தியாயத்தின் அடிப்படை. அந்த வேக எல்லை எல்லா உறுப்புகளுக்கும் ஒன்றாக அமையும்போதுதான் அவற்றுக்குச் செலவிட்ட பணம் பின் சக்கரங்களை வந்தடைகிறது.

விளக்கத்துக்கு எடுத்துக்காட்டாக, அமெரிக்காவில் இத்தகைய கார்களுக்கு மிகப் பரவலாகப் பயன்படும் ஷெவர்லே ஸ்மால் பிளாக் என்ஜின் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. 1955 மாடல் ஆண்டில் 265 கன அங்குலக் கொள்ளளவுடன் அறிமுகமான இந்த வி-8 குடும்பத்தில், 1967 மாடல் கமாரோவில் முதன்முதலாக வந்த 350 கன அங்குல என்ஜினே, அதாவது 5.7 லிட்டர் என்ஜினே, பின்னாளில் மாற்றியமைப்போரின் முதல் தேர்வாயிற்று. அதனுடன் இணைத்து நோக்கப்படும் கியர்பாக்ஸ்கள் இரண்டு: 1969 மாடல் ஆண்டில் வந்த மூன்று கியர் டர்போ ஹைட்ராமேட்டிக் 350, 1982 மாடல் ஆண்டில் வந்த நான்கு கியர் 700ஆர்4. வண்டியின் எடை, கமாரோ, நோவா, ஷெவெல் போன்ற கார்களுக்கு ஒத்தவாறு சுமார் 1,600 கிலோகிராம் எனக் கொள்ளப்படுகிறது.

1. வேக எல்லையைத் தீர்மானிக்கும் கேம் ஷாஃப்ட்

வால்வுகள் எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு உயரம் எழ வேண்டும், எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பவற்றைத் தன் மேடுகளின் வடிவத்தால் நிர்ணயிக்கும் தண்டே கேம் ஷாஃப்ட். ஒரு வால்வு திறந்திருக்கும் காலத்தை கிராங்க் ஷாஃப்ட் சுழலும் கோணத்தில் அளப்பது மரபு. இந்த அளவு இங்குத் திறப்புக் காலம் எனப்படும். எந்தப் புள்ளியிலிருந்து அளக்கத் தொடங்குவது என்பதில் தயாரிப்பாளர்கள் வேறுபடுவதால், டாப்பெட் 0.050 அங்குலம், அதாவது 1.27 மில்லிமீட்டர், எழுந்த நிலையில் அளக்கப்பட்ட எண்களை மட்டுமே ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும்.

திறப்புக் காலம் நீளும்போது, பிஸ்டன் கீழ்நிலையைக் கடந்து மேலேறத் தொடங்கிய பின்னரும் இன்டேக் வால்வு திறந்தே இருக்கிறது. வேகம் மிகும்போது உள்ளே பாயும் கலவை தன் உந்தத்தால் தொடர்ந்து நுழைந்து சிலிண்டரை மேலும் நிரப்புவதால் அது நன்மையாக முடிகிறது. வேகம் குறைவாக உள்ளபோதோ, மேலேறும் பிஸ்டன் கலவையின் ஒரு பகுதியை மேனிஃபோல்டுக்கே திருப்பித் தள்ளிவிடுவதால் முறுக்கு விசை குறைகிறது. இதனுடன், இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகள் இரண்டும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் பொழுதும் நீள்வதால், ஐட்லிங் வேகத்தில் எரிந்த புகை புதிய கலவையுடன் கலந்து என்ஜின் குலுங்குகிறது. மேனிஃபோல்டின் வெற்றிட அளவும் குறைந்து, அதை நம்பியுள்ள பவர் பிரேக்கின் உதவி தளர்கிறது. ஆகவே பெரிய கேம் முறுக்கு விசையை உயர் வேகத்துக்கு நகர்த்துகிறது. மேலே கிடைக்கும் ஆதாயத்துக்குரிய விலையைக் கீழே வசூலித்துக்கொள்கிறது.

350 என்ஜினுக்கு ஹைட்ராலிக் டாப்பெட்டுடன் கூடிய கேம்களை மூன்று நிலைகளாகப் பிரித்துக் காணலாம். இன்டேக் திறப்புக் காலம் 215 பாகைக்கு உட்பட்டவை ஐட்லிங்கிலிருந்து சுமார் 5,200 சுற்று வரை நன்கு இழுப்பதுடன், தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட கன்வெர்ட்டருடனும் இணங்கி ஓடும். 220 முதல் 230 பாகை வரையானவை 2,000 சுற்றுக்கு மேல் உயிர்பெற்று 6,000 வரை செல்வதால், இவற்றுக்குக் கன்வெர்ட்டரின் துணை வேண்டும். 235 பாகையைக் கடந்தவை 3,000 சுற்றுக்குக் கீழே சோர்ந்துபோவதால், அன்றாடப் பயணத்துக்குரிய காரில் அவற்றைத் தவிர்ப்பதே நன்று. சிறிய கேம் என்றால் பலவீனம் என்ற எண்ணம் தவறானது என்பதற்கு, ஜெனரல் மோட்டார்ஸ் தனியே விற்ற ஸெட்ஸெட்4 என்ற 350 என்ஜின் சான்றாகும்: இன்டேக்குக்கு 208 பாகையும் எக்ஸாஸ்ட்டுக்கு 221 பாகையும் கொண்ட கேமுடன், 10-க்கு 1 என்ற அமுக்க விகிதத்தில், அது 355 குதிரைத்திறனைத் தந்தது; நல்ல சிலிண்டர் ஹெட்டும் போதிய அமுக்கமும் இருக்கையில் பெரிய கேம் தேவைப்படுவதில்லை.

2. கேமுக்கு ஏற்ற அமுக்க விகிதம்

பிஸ்டன் கீழ்நிலையில் உள்ளபோதைய மொத்தக் கன அளவை, மேல்நிலையில் எஞ்சும் கன அளவால் வகுத்தால் கிடைப்பது அமுக்க விகிதம். 350 என்ஜினின் சிலிண்டர் விட்டம் 4.00 அங்குலம், பிஸ்டன் நகரும் தூரம் 3.48 அங்குலம் என்பதால், ஒரு சிலிண்டரின் கன அளவு சுமார் 717 கன சென்டிமீட்டர் ஆகிறது. ஹெட்டின் எரியறை 64, கேஸ்கட்டின் தடிமனால் 9, பிஸ்டன் பிளாக்கின் மேல்தளத்தை எட்டாமல் நிற்கும் இடைவெளியால் 5, பிஸ்டன் தலையின் வால்வுக் குழிகளால் 5 என எஞ்சும் அளவு 83 ஆனால், விகிதம் 9.6-க்கு 1 ஆகும். அதே என்ஜினில் 76 கன சென்டிமீட்டர் எரியறை கொண்ட ஹெட்டைப் பொருத்தினால் எஞ்சும் அளவு 95 ஆகி, விகிதம் 8.5-ஆகச் சரிகிறது.

இந்த வேறுபாடு கேம் தேர்வில் நேரடியாக எதிரொலிக்கிறது. இன்டேக் வால்வு மூடிய பிறகே அமுக்கம் உண்மையில் தொடங்குவதால், தாமதமாக மூடும் பெரிய கேம் கணக்கில் காட்டும் விகிதத்தையும் நடைமுறையில் குறைத்துவிடுகிறது. 8.5 விகிதமுள்ள பழைய என்ஜினில் 235 பாகைக் கேமைப் பொருத்தினால் கீழ்வேகத்தில் இரட்டை இழப்பு நேர்கிறது. கன்வெர்ட்டர் எவ்வளவு உயர்ந்ததாயினும் அதை ஈடுசெய்ய இயலாது. பொதுவாக, 215 பாகைக்கு உட்பட்ட கேமுக்கு 8.5 முதல் 9 வரையும், 220 முதல் 230 வரையான கேமுக்கு 9.5 முதல் 10 வரையும் அமுக்க விகிதம் இருப்பது பொருத்தம். பம்பில் கிடைக்கும் பெட்ரோலின் ஆக்டேன் தரத்தையும், ஹெட் இரும்பா அலுமினியமா என்பதையும் கருதி மேல் எல்லையை முடிவு செய்ய வேண்டும்.

3. காற்று நுழையும் வழியும் புகை வெளியேறும் வழியும்

நான்கு ஸ்ட்ரோக் என்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை தன் கொள்ளளவு முழுவதற்கும் காற்றை இழுப்பதாலும், ஒரு கன அடி 1,728 கன அங்குலம் என்பதாலும், கன அங்குலக் கொள்ளளவை நிமிடச் சுற்றால் பெருக்கி 3,456-ஆல் வகுத்தால் நிமிடத்துக்குத் தேவையான காற்று கன அடியில் கிடைக்கும். 350 என்ஜின் 6,000 சுற்றில் இக்கணக்குப்படி 608 கன அடி இழுக்க வேண்டும். நடைமுறையில் சிலிண்டர் 85 விழுக்காடு அளவே நிரம்பும் எனக் கொண்டால் தேவை சுமார் 516 கன அடிதான். எனவே 600 முதல் 650 கன அடி வரையான கார்புரேட்டர் பெரும்பாலான சாலைக் கார்களுக்குப் போதும். அதற்கு மேற்பட்டதைப் பொருத்தினால், காற்று மெதுவாகப் பாய்ந்து எரிபொருளைச் சரியாக உறிஞ்சாததால், ஆக்ஸிலரேட்டரை மிதித்த கணத்தில் என்ஜின் தயங்கும்.

இன்டேக் மேனிஃபோல்டிலும் இதே விதி செல்லும். நான்கு நான்கு சிலிண்டர்களாகப் பிரித்து இரு தளங்களில் கலவையை அனுப்பும் டூயல் பிளேன் வகை கீழ், இடை வேகங்களுக்கு உகந்தது. எல்லாச் சிலிண்டர்களுக்கும் ஒரே திறந்த அறையிலிருந்து கலவையை வழங்கும் சிங்கிள் பிளேன் வகை பந்தயத்துக்குரிய உயர் வேகத்துக்கானது. எக்ஸாஸ்ட் பக்கத்தில், ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக்குழாய் கொண்ட ஹெடரில் குழாயின் விட்டம் 1⅝ அங்குலமாக இருப்பது 350 என்ஜினுக்குப் பொருந்தும். கலிஃபோர்னியா மாநிலத்தில் 1976 மாடல் முதலான கார்கள் புகைச் சோதனைக்கு உட்படுவதால், உறுப்புகளை வாங்குமுன் அவை அங்கு அனுமதிக்கப்பட்டவையா என்று பார்த்துக்கொள்வது அவசியம்.

4. டார்க் கன்வெர்ட்டர் செய்யும் வேலை

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில், கிளட்சின் இடத்தில் எண்ணெயின் வழியே என்ஜின் விசையைக் கடத்தும் மூடிய உருளையே டார்க் கன்வெர்ட்டர். அதனுள் துடுப்புகள் கொண்ட மூன்று பகுதிகள் உள்ளன: உருளையுடன் ஒட்டி என்ஜினோடு சுழலும் பம்ப், கியர்பாக்ஸின் உள்தண்டைச் சுழற்றும் டர்பைன், இரண்டுக்கும் நடுவே ஒரு திசையில் மட்டும் சுழலக்கூடிய ஸ்டேட்டர். பம்ப் எறியும் எண்ணெய் டர்பைனைத் தள்ளிவிட்டுத் திரும்பும்போது, அது பம்பின் சுழற்சியை எதிர்த்து மோதாதவாறு ஸ்டேட்டர் அதன் திசையை மாற்றிப் பம்புக்குத் துணையாகவே செலுத்துகிறது. இதனால் வண்டி நின்ற நிலையில் டர்பைன் பெறும் முறுக்கு விசை என்ஜின் தருவதைப்போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு வரை உயர்கிறது. டர்பைன் வேகம் பம்பின் வேகத்தில் சுமார் 85 முதல் 90 விழுக்காட்டை எட்டும்போது இந்தப் பெருக்கம் நின்று, ஸ்டேட்டர் தடையின்றிச் சுழலத் தொடங்குகிறது.

பெருகுவது முறுக்கு விசை மட்டுமே; திறன் பெருகுவதில்லை. வழுக்கலால் டர்பைனை வந்தடையாத திறன் முழுவதும் எண்ணெயில் வெப்பமாக மாறுகிறது. டர்பைன் அசையாமல் நிற்க, என்ஜின் 400 நியூட்டன் மீட்டர் விசையுடன் 2,500 சுற்றில் ஓடுமானால், சுமார் 105 கிலோவாட் திறன் எண்ணெயைச் சூடாக்குவதற்கே செலவாகிறது.

டர்பைன் அசையாதவாறு தடுக்கப்பட்ட நிலையில், ஆக்ஸிலரேட்டர் முழுவதும் மிதிக்கப்பட்டும் என்ஜின் எந்த வேகத்துக்கு மேல் ஏற முடியாமல் நிற்கிறதோ, அதுவே ஸ்டால் வேகம். கீழ்வேகத்தில் சோர்வுற்றிருக்கும் கேமை, வண்டி புறப்படும் கணத்திலேயே அதன் வலிமை தொடங்கும் வேகத்துக்கு எழுப்பிவிடுவதுதான் உயர்ந்த ஸ்டால் வேகத்தின் பயன். கேம் உண்டாக்கிய குறையைக் கன்வெர்ட்டர் கடந்து செல்கிறதேயன்றி, புதிதாக வலிமை எதையும் சேர்ப்பதில்லை.

5. ஸ்டால் வேகம் கன்வெர்ட்டருக்கு மட்டும் உரிய எண் அன்று

பெட்டியின் மேல் 2,400 என்று அச்சிடப்பட்டிருப்பதால் எந்த என்ஜினிலும் அந்த வேகமே கிடைக்கும் என்று கருதுவது, வாங்குவோர் செய்யும் பிழைகளில் முதன்மையானது. கன்வெர்ட்டர் ஏற்கும் முறுக்கு விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், ஸ்டால் வேகம் என்ஜினின் முறுக்கு விசையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மாறுகிறது. அந்த வேகத்தில் 400 நியூட்டன் மீட்டர் தரும் என்ஜினில் 2,400 சுற்றில் நிற்கும் கன்வெர்ட்டர், 530 நியூட்டன் மீட்டர் தரும் என்ஜினில் சுமார் 2,760 சுற்றிலும், 300 மட்டுமே தரும் என்ஜினில் சுமார் 2,080 சுற்றிலும் நிற்கும். கீழ்வேக விசையை இழந்த பெரிய கேம் என்ஜினுக்கு உயர்ந்த ஸ்டால் தேவைப்படும் நேரத்திலேயே அது எதிர்பார்த்ததைவிடக் குறைவாகக் கிடைப்பதற்குக் காரணம் இதுவே.

கன்வெர்ட்டரின் விட்டம் இதைவிட வலுவாகச் செயல்படுகிறது. ஒரே வடிவமைப்பில் அளவை மட்டும் மாற்றினால், ஏற்கும் விசை விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு ஏற்ப மாறுகிறது. 12 அங்குலத்தில் 1,700 சுற்றில் நிற்பதை 10 அங்குலமாகச் சுருக்கினால் ஸ்டால் 2,680 சுற்றை நெருங்கும். துடுப்புகளின் கோணத்தையும் ஸ்டேட்டரின் வடிவத்தையும் மாற்றித் தயாரிப்பாளர்கள் இதைச் சீர்செய்வதால், விட்டத்தை மட்டும் பார்த்தும் முடிவு செய்யலாகாது. ஆதலால் ஆர்டர் செய்யும்போது வண்டியின் எடை, கேமின் திறப்புக் காலம், அமுக்க விகிதம், அச்சு கியர், டயர் விட்டம் ஆகிய ஐந்தையும் தயாரிப்பாளருக்குத் தெரிவித்து, அவற்றுக்கேற்பக் கணக்கிட்டுத் தரச் சொல்வதே சரியான வழி.

அளக்கும் முறைக்கு ஏற்பவும் எண் வேறுபடும். பிரேக்கை மிதித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை அழுத்தும் முறையில், உண்மையான ஸ்டால் வருமுன்னரே பின் டயர்கள் பிரேக்கை மீறிச் சுழன்றுவிடக்கூடும். எண்ணெயும் சில நொடிகளிலேயே கடுமையாகச் சூடாகும். காலியான, பாதுகாப்பான இடத்தில் வண்டியை மெதுவாக உருளவிட்டு, ஆக்ஸிலரேட்டரை ஒரே மூச்சில் முழுவதும் மிதித்து, டாக்கோமீட்டர் முள் உடனடியாகத் தாவி நிற்கும் வேகத்தைக் குறித்துக்கொள்ளும் முறையில் கிடைப்பது ஃப்ளாஷ் ஸ்டால் எனப்படும். சாலைக் காருக்குப் பயன்படும் எண் இதுவே. கேமின் பயன் வேகம் தொடங்கும் இடத்துக்குச் சுமார் 500 சுற்று மேலேயும், உச்ச முறுக்கு விசை பிறக்கும் வேகத்துக்குக் கீழேயும் இது அமைய வேண்டும்.

6. கியர்களும் பின் அச்சும்

கியர் மாறும்போது என்ஜின் வேகம் எவ்வளவு சரிகிறது என்பது, வேக எல்லையின் அடித்தளத்தை நிர்ணயிக்கிறது. டர்போ ஹைட்ராமேட்டிக் 350-இல் விகிதங்கள் 2.52, 1.52, 1.00 ஆதலால், 5,800 சுற்றில் முதல் கியரிலிருந்து இரண்டாவதற்கு மாறினால் வேகம் சுமார் 3,500-க்குச் சரிகிறது. 700ஆர்4-இல் முதல் கியர் 3.06, இரண்டாவது 1.63 என இடைவெளி அகன்றிருப்பதால் அதே மாற்றத்தில் வேகம் சுமார் 3,090-க்கு விழுகிறது. கன்வெர்ட்டரின் வழுக்கல் இச்சரிவைச் சற்றுக் குறைத்தாலும், 700ஆர்4 உள்ள காருக்குக் கீழ்வேகத்திலும் இழுக்கும் கேமே தேவை என்பது இக்கணக்கால் தெளிவாகும்.

அதே 700ஆர்4-க்கு மறுபுறம் ஒரு பெரிய சாதகமும் உண்டு. அதன் முதல் கியரும் 3.08 விகிதமுள்ள பின் அச்சும் சேர்ந்து தரும் மொத்த விகிதம் 9.42; டர்போ ஹைட்ராமேட்டிக் 350-இல் இதே புறப்பாட்டு விசையைப் பெற 3.73 அச்சு தேவைப்படும். 26 அங்குல டயருடன் மணிக்கு 60 மைல், அதாவது சுமார் 97 கிலோமீட்டர், வேகத்தில் செல்கையில், வழுக்கலைச் சேர்க்காமல் பார்த்தால், 3.73 அச்சுடன் மூன்று கியர் பாக்ஸ் கொண்ட என்ஜின் 2,890 சுற்று சுழல, 3.08 அச்சுடன் 0.70 என்ற நான்காவது கியரில் ஓடும் 700ஆர்4 என்ஜின் 1,670 சுற்று மட்டுமே சுழல்கிறது. அந்த வேகத்தில் எண்ணெய் வழியே வழுக்காமல், பம்பையும் டர்பைனையும் நேரடியாகப் பிணைக்கும் லாக்கப் கிளட்ச் உள்ள கன்வெர்ட்டரையே அதற்குத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

3,000 ஸ்டால் கொண்ட கார் 3,000 சுற்றுக்குக் கீழே நகராது என்பது உண்மையன்று. மெதுவாக மிதிக்கும்போது என்ஜின் தரும் விசை குறைவாதலால் ஸ்டாலும் தாழ்ந்து, வண்டி இயல்பாகவே நகரும். ஆனால் நெடுஞ்சாலையில் என்ஜின் தொடர்ந்து ஸ்டாலுக்கு வெகு கீழே ஓடினால் வழுக்கலும் சூடும் மிகுந்து, எரிபொருள் வீணாகும்.

7. இரண்டு இணக்கமான அமைப்புகள்

முதல் அமைப்பு, நாள்தோறும் ஓடும் காருக்கானது: 9-க்கு 1 அமுக்கம், 210 பாகை அளவிலான கேம், டூயல் பிளேன் மேனிஃபோல்ட், 600 கன அடி கார்புரேட்டர், 3.08 முதல் 3.42 வரையான அச்சு, தொழிற்சாலைக் கன்வெர்ட்டர் அல்லது அதிகபட்சம் 2,000 சுற்று ஸ்டால். இரண்டாவது அமைப்பு, வார இறுதியில் வேகத்தை நாடுவோருக்கானது: 9.6 முதல் 10 வரையான அமுக்கம், 224 முதல் 230 பாகை வரையான கேம், உயரமான டூயல் பிளேன் மேனிஃபோல்ட், 650 கன அடி கார்புரேட்டர், ஹெடர், 3.73 அச்சு, 2,500 முதல் 2,800 வரையான ஸ்டால், தனி எண்ணெய்க் குளிர்விப்பான். இவற்றுள் ஒன்றின் கேமை மற்றதன் அச்சு, கன்வெர்ட்டருடன் கலப்பதுதான் பெரும்பாலான ஏமாற்றங்களுக்கு வித்து. எந்த இரண்டுக்கும் இடையே தயக்கம் ஏற்பட்டாலும், கேமில் சிறியதைத் தேர்ந்தெடுப்பது சாலைக் காருக்குப் பாதுகாப்பான வழி.

8. பொருத்துதலும் பராமரிப்பும்

கன்வெர்ட்டர் மாற்றப்படும்போது ஃப்ளெக்ஸ்பிளேட்டையும் சரிபார்க்க வேண்டும். கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் பூட்டப்பட்டு, கன்வெர்ட்டரைத் தாங்கும் இந்த மெல்லிய தட்டு, 1985 வரையான 350 என்ஜின்களில் எடைச்சமன் தேவையற்றதாகவும், ஒற்றைத் துண்டுப் பின் சீல் வந்த 1986 முதலானவற்றில் எடைக்கட்டி பொருத்தப்பட்டதாகவும் இருக்கும்; இடம் மாற்றிப் பூட்டினால் என்ஜின் அதிரும். கன்வெர்ட்டருக்குள் சிறிது எண்ணெய் ஊற்றியபின், அதைச் சுழற்றிக்கொண்டே உள்ளே தள்ளி, கியர்பாக்ஸ் பம்பின் பற்களில் அது முழுவதும் அமர்ந்துவிட்டதை உறுதி செய்ய வேண்டும். கியர்பாக்ஸை என்ஜினுடன் பூட்டியபின், கன்வெர்ட்டருக்கும் ஃப்ளெக்ஸ்பிளேட்டுக்கும் இடையே சுமார் 3 முதல் 5 மில்லிமீட்டர் வரை இடைவெளி இருந்து, கன்வெர்ட்டர் கையால் தடையின்றிச் சுழல வேண்டும். இடைவெளியே இல்லாவிடில் போல்ட்டுகளை இறுக்குவதை நிறுத்திவிட்டு மீண்டும் பிரிக்க வேண்டும், இல்லையேல் பம்ப் உடையும்.

வழுக்கலால் பிறக்கும் வெப்பமே கியர்பாக்ஸின் முதல் எதிரி என்பதால், 2,000 சுற்றுக்கு மேற்பட்ட ஸ்டால் எதுவாயினும் தனிக் குளிர்விப்பானையும், எண்ணெயின் வெப்பத்தைக் காட்டும் மீட்டரையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். எண்ணெய் வெப்பம் 80 முதல் 95 செல்சியஸ் வரை நிற்பது நல்ல அறிகுறி. 700ஆர்4-ஐக் கார்புரேட்டருடன் இணைக்கும்போது, ஆக்ஸிலரேட்டரின் நிலையைக் கியர்பாக்ஸுக்கு உணர்த்தும் கேபிள் சரியான அளவில் அமையாவிட்டால் எண்ணெய் அழுத்தம் குறைந்து, குறுகிய ஓட்டத்திலேயே கிளட்ச் தட்டுகள் எரிந்துவிடும்.

9. முடிவெடுக்கும் வரிசை

முதலில் காரின் பயன்பாட்டையும் எடையையும், அது நெடுஞ்சாலையில் ஓட வேண்டிய வேகத்தையும் எழுதிக்கொள்ள வேண்டும். அவற்றிலிருந்து கியர்பாக்ஸும் அச்சு விகிதமும் முடிவாகும். அவற்றின் சரிவுக் கணக்கிலிருந்து என்ஜின் வலுவாக இருக்க வேண்டிய வேக எல்லை தெரியவரும். அந்த எல்லைக்கு ஏற்ற கேமும், அந்தக் கேமுக்கு ஏற்ற அமுக்கமும், அதன் பின் காற்று, புகை வழிகளும் வரிசையாக வரும். இவை அனைத்தும் தீர்மானமான பிறகே கன்வெர்ட்டரை ஆர்டர் செய்ய வேண்டும், ஏனெனில் அதன் ஸ்டால் வேகம் இவை எல்லாவற்றின் கூட்டு விளைவு. கேமை முதலில் வாங்கிவிட்டுப் பிறவற்றை அதற்கு இணக்க முயல்பவர் இருமுறை செலவிட நேர்கிறது. இவ்வரிசையைப் பின்பற்றுபவரோ ஒவ்வோர் உறுப்பையும் ஒரே முறை வாங்கி, அதன் முழுப் பயனையும் சாலையில் பெறுகிறார்.